முந்தானைக்குள் கைகள்

பஸ்ஸில் உட்கார்ந்ததும் முத்துப்பேச்சி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டுச் சுருட்டிக்கொள்வாள். கண்டக்டர் வந்தால்கூட எடுப்பதில்லை. மோவாயால் மகளைக் காட்டுவாள். பூமயில்தான் நெஞ்சில் தொங்கும் துணிப் பைக்குள் விரலை விட்டுக் காசை எடுத்து நீட்டும். சேத்தூரில் ஏறுகிற பழைய ஆட்களுக்கு இது பழகிப்போயிற்று. புதிதாகப் பார்க்கிறவர்கள் கை விளங்காதவள் போலிருக்கிறது என்று இடம் விட்டு ஒதுங்குவார்கள். ஒருநாள் செட்டியார்பட்டிக்கார ஆச்சி ஒருத்தி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“கையில என்ன தாயி, வாதமா?”

முத்துப்பேச்சி ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தாள். ஆச்சிக்கு நேரே முகத்தைத் திருப்பினாள். உதட்டைப் பெரிதாகத் திறந்து மூடி, ஒவ்வொரு சொல்லாக, “கை நல்லாத்தான் இருக்கு ஆச்சி. வாய்தான் பழகணும்” என்றாள்.

ஆச்சி எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

முத்துப்பேச்சி எனக்கு மகள் முறை. என் சின்னையா மகன் உக்கிரபாண்டிக்கும் கருத்தம்மாளுக்கும் ஒரே பெண். உக்கிரபாண்டி காலமான பிறகு அவளை வெளியே கொடுக்கக் கருத்தம்மாளுக்கு மனசில்லை. தன் கடைசித் தம்பி சங்கிலிப்பாண்டிக்கே கட்டி வைத்தாள். தாய்மாமன், பட்டாளத்துக்காரன், வேறென்ன வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் முடித்தோம். பூமயில் பிறந்தது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் வெடித்த அணுகுண்டுக்குத் தொட்டிலில் கிடந்த பிள்ளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “சொந்தத்துல கட்டுனீங்களா?” நான்தான் முந்திக்கொண்டு, “ஆமாங்கய்யா, தாய்மாமன்” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பிடிபட்டது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? “பேர்ல பேச்சி, பிள்ளைக்கு இல்ல பேச்சு” என்று குழாயடியில் பாட்டே கட்டிவிட்டார்கள். முத்துப்பேச்சி அதற்கு அழுது நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பயப்படவே நேரம் போதவில்லை. பிள்ளை தெருவில் இறங்கினால் பயம். பின்னால் வருகிற மாட்டுவண்டிச் சத்தம் கேட்காதே. பிள்ளை தூங்கினால் பயம். இருட்டில் விழித்தால் கூப்பிடத் தெரியாதே. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம் இருந்தது. அதற்குப் பெயர் சின்னக்கருப்பன்.

சின்னக்கருப்பன் கருத்தம்மாளுக்குத் தாய்மாமன். பிறவியிலேயே காது கேட்காதவர். எங்கள் தெரு முழுக்க அவரோடு கையால்தான் பேசும். மூக்கோரத்தில் விரலை வைத்தால் தாய், மூக்குத்தி. உதட்டுக்கு மேலே முறுக்கினால் தகப்பன், மீசை. கன்னத்தில் கோடு கிழித்தால் தழும்புக்கார மணியக்காரர். கோயில் கொடைத் திருவிழாவில் நடந்ததை அவர் கையால் சொல்லிக் காட்டினால் வாயுள்ளவன் சொல்வதைவிட நன்றாக இருக்கும். ஆனால் தெருவைத் தாண்டினால் அந்தக் கைக்கு மதிப்பில்லை. கடைசி நாளில் ராஜபாளையத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றைத் தொட்டார், முதுகைத் தொட்டார், விரல்களை விரித்துச் சுழற்றி என்னவோ சொன்னார். டாக்டருக்கும் புரியவில்லை, அன்றைக்குப் பார்த்து எங்களுக்கும் புரியவில்லை. சொல்லிக்கொண்டே இருந்து கை நின்றது. முத்துப்பேச்சி அப்போது பாவாடை கட்டிய பிள்ளை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

“கை நம்ம தெருவோட நின்னுரும் பெரியப்பா” என்பாள். “எம்பிள்ளை வாயால சொல்லணும். எங்க வலிக்குன்னாவது சொல்லணும்.”

அப்படித்தான் எண்பத்தைந்தில் பூமயிலை ஸ்ரீவில்லிபுத்தூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்தாள். சேத்தூரிலிருந்து ராஜபாளையம் டவுன் பஸ், அங்கே இறங்கி அடுத்த பஸ். மாட வீதியைத் தாண்டி ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். அங்கே அரவிந்தவல்லி டீச்சர் என்று ஒருவர். பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். சென்னையில் இதற்கென்றே படித்து வந்தவர். ஊமை என்ற சொல்லை அந்தக் கட்டடத்துக்குள் எவன் சொன்னாலும் வாசலைக் காட்டிவிடுவார். முதல் நாளே தாய்மார்களை உட்காரவைத்துச் சொன்னார்:

“வீட்டுல கையாட்டிப் பேசாதீங்கோ. கை பேசினா வாய் சோம்பேறி ஆயிடும். குழந்தை உங்க உதட்டைத்தான் பார்க்கணும். முகத்துல வெளிச்சம் விழணும். முழு வாக்கியமாப் பேசணும்.”

சொல்வதோடு நிற்கமாட்டார். அவரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பாடம் நடத்துவார். மற்றத் தாய்மார்கள் வகுப்பறை வரைக்கும் அதைக் கடைப்பிடித்துவிட்டு, தெருமுனை திரும்பியதும் கையை வீசிப் பேசுவார்கள். முத்துப்பேச்சிக்கு அந்தத் தைரியம் கிடையாது. வீட்டில் கையாட்டியதைக் கண்டுபிடித்து மகாராஜபுரத்துப் பையன் ஒருவனை நிறுத்திவிட்டார்கள் என்று தாய்மார்களுக்குள் ஒரு பேச்சு. மெய்யோ பொய்யோ தெரியாது. அவளுக்கு அந்தப் பேச்சே போதும். கை தன்னை மீறி அசைந்துவிடுமோ என்று முந்தானையில் கட்டிப்போட்டாள். பஸ் பிரேக் அடித்தாலும் கம்பியைப் பிடிக்கமாட்டாள்; முன் சீட்டில் போய் முட்டிக்கொள்வாள். ராஜபாளையம் நெருங்க நெருங்க, “இன்னைக்கு என்ன சொல்லப் போறாகளோ பெரியப்பா, நெஞ்சு படக்கு படக்குன்னு அடிக்குது” என்பாள். தினமும் அதே வார்த்தை. தினமும் அதே நெஞ்சு.

வீட்டிலும் அந்தப் பழக்கம் ஊறிவிட்டது. யாரோடு பேசினாலும் முதலில் வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்துவாள். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் அவளுக்குப் பொறுக்காது. எருமையிடம்கூட முன்பக்கம் வந்து நின்றுதான், “செத்த – தள்ளி – நில்லு” என்பாள். எங்கள் பக்கம் குழாயடிச் சண்டையில் பாதியைக் கைதான் பேசும். இவள் கையைக் கட்டிக்கொண்டு எதிராளியின் மூஞ்சிக்கு நேரே நின்று, “நீ – எடுத்தது – என் – குடம்” என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால் எவளுக்குத்தான் கோபம் நிற்கும்?

“ஏட்டி, நீ சண்டை போடுதியா, பாடம் நடத்துதியா?” என்று சிரித்துவிட்டுக் குடத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

பாடத்தில் ஒன்று எனக்கும் தெரியும். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு குடோனில் எனக்கு வாட்ச்மேன் வேலை. போகும்போது அதே பஸ்தான். டீச்சர் சொன்னார் என்று என்னிடம் பஞ்சுத் தும்பு கேட்பாள். என் வேட்டியில் ஒட்டியிருப்பதையே பிய்த்துக் கொடுப்பேன். அதைப் பூமயிலின் உள்ளங்கையில் வைத்து வாய்க்கு நேரே பிடிக்கச் சொல்வாள். ‘ப’ என்றால் காற்று வெடித்துப் பஞ்சு பறக்க வேண்டும். ‘ம’ என்றால் பஞ்சு அசையக்கூடாது. மூக்குத் தண்டில் விரல் வைத்தால் குறுகுறுவென்று அதிர வேண்டும். பஸ் முழுக்க ‘ப, ப, ப’ என்று பஞ்சு பறக்கும். ஒரு தடவை தூங்கிக்கொண்டு வந்த போலீஸ்காரர் மூக்கில் போய் உட்கார்ந்தது. அவர் தும்மி எழுந்து, “யாருலே அது?” என்று லத்தியைத் தேடினார். பூமயில் வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குச் சத்தம் உண்டு. அதற்குப் பாடம் தேவைப்படவில்லை.

பூமயில் முதலில் பேசிய சொல் ‘அம்மா’. மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு ‘அப்பா’வும் சுத்தமாக வந்துவிட்டது. ஆனால் கூப்பிடத்தான் ஆள் இல்லை. சங்கிலிப்பாண்டி பதான்கோட்டில் இருந்தான். போன ஐப்பசியில் லீவில் வந்தான். பெட்டியை இறக்கி வைப்பதற்குள் முத்துப்பேச்சி மகளை அவன் முன்னால் நிறுத்தினாள். பூமயில் உள்ளங்கையில் பஞ்சை வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தது. பட்டாளத்து மீசை, இரண்டு பக்கமும் முறுக்கி விட்டது. பிள்ளை மூச்சைப் பிடித்தது.

“அப்பா.”

பஞ்சு பறந்து போய் அவன் மீசையில் ஒட்டிக்கொண்டது. அவன் அதை எடுக்கவில்லை. சாப்பிட உட்காரும்போதும் அது அங்கேயே இருந்தது.

“மாமா, மீசையில பஞ்சு” என்றாள் முத்துப்பேச்சி.

“கெடக்கட்டும்” என்றான்.

அந்த வாரத்தில்தான் கருத்தம்மாளுக்கு ராஜபாளையத்தில் கண் ஆபரேஷன். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை இருந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் முத்துப்பேச்சி பூமயிலைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு ராஜபாளையம் திரும்பி ஓட வேண்டியிருந்தது. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டி வருவது சங்கிலிப்பாண்டி பொறுப்பு. அவள் வாசலில் குனிந்தாள். கை இரண்டும் முந்தானைக்குள். வெளிச்சம் முகத்தில் விழுகிறது. எல்லாம் டீச்சர் சொன்னபடி.

“சாயங்காலம் அப்பா வருவாரு. அப்பா கூட வா.”

பூமயில் உதட்டைப் பார்த்தது. “அம்மா” என்றது.

தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று முத்துப்பேச்சி நினைத்தாள். தாயைப் பார்த்து அம்மா என்றால் வேறு என்ன நினைப்பது? “ஆமா தாயி, சமத்து” என்று தலையாட்டிவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தாவி ஏறிவிட்டாள்.

சாயங்காலம் நடந்ததைச் சங்கிலிப்பாண்டி வாயால்தான் கேட்டேன். பள்ளிக்கூட வாசலில் தனுஷ்கோடி என்று ஒரு காவலாளி. முறையான மனுஷன். முன்பின் பார்க்காத ஆளிடம் பிள்ளையை விடமாட்டான். சங்கிலிப்பாண்டியை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. “நான் தகப்பன்தாம்ப்பா” என்றதும், “பிள்ளை சொல்லட்டும்” என்று பூமயிலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி முகத்துக்கு நேரே தெளிவாகக் கேட்டான்.

“அப்பாவா?”

பூமயில் இல்லை என்று தலையாட்டியது.

“நல்லாப் பாரு தாயி. அப்பாவா?”

இன்னும் வேகமாகத் தலையாட்டியது. “அம்மா! அம்மா!” என்று அடித்தொண்டையில் கத்தியது. சங்கிலிப்பாண்டி கையைப் பிடித்து இழுத்தான். பிள்ளை அவன் மணிக்கட்டைக் கடித்தது. அவ்வளவுதான், எதிரே பால்கோவாக் கடையில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள். மீசை வைத்த முரட்டு ஆள், வாய் பேசாத பெண்பிள்ளை, அது அம்மா அம்மா என்று அலறுகிறது. வேறு எப்படி நினைப்பார்கள்?

“பிள்ளை பிடிக்கவால வந்தே?”

“எம்பிள்ளைலே அது! எம்பிள்ளை!”

“அப்ப அது ஏன் இல்லங்குது?”

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்தது. உள்ளே பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த அரவிந்தவல்லி டீச்சர் சத்தம் கேட்டு ஓடி வந்து, கூட்டத்தை விலக்கி, “நில்லுங்கோ, முதல்ல குழந்தை எங்கே?” என்று கேட்டபோதுதான் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பூமயில் அங்கே இல்லை.

கருத்தம்மாளைப் பார்க்க நான் அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு, “ஆரு, அத்தானா?” என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கையில் சங்கிலிப்பாண்டி கிழிந்த சட்டையோடு வந்து நின்றான். முத்துப்பேச்சி அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

“பிள்ளை எங்க மாமா?”

“வர மாட்டேன்னுட்டாட்டி. நான் அவ அப்பன் இல்லைன்னுட்டா. பொறவு பாத்தா காணும். டீச்சரும் அந்தக் காவக்காரனும் அங்க தேடுதாக.”

முத்துப்பேச்சி அலறுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.  ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது சொன்னாள்: “அவ நான் வருவேன்னு நெனச்சிருக்கா. வரலைன்னதும் தேடிப் புறப்பட்டிருக்கா. எந்த வண்டி ஆரன் அடிச்சாலும் அவளுக்குக் கேக்காதே பெரியப்பா.”

பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வெள்ளிக்கிழமை, மில் ஷிப்டு விடுகிற நேரம். எள் போட்டால் விழாத கூட்டம். சங்கிலிப்பாண்டி பரேடு மைதானத்துக் குரலில், “பூமயிலே! ஏ பூமயிலே!” என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். பத்துப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“கத்தாதிய மாமா” என்றாள் முத்துப்பேச்சி. “அவளுக்கு மட்டுந்தான் அது கேக்காது.”

காணாமல் போன பிள்ளையை எல்லோரும் பெயர் சொல்லித் தேடுவார்கள். இவளுக்கு அதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு, கூட்டத்துக்குள் ஒவ்வொரு பாவாடையாகப் பார்த்துக்கொண்டு போனாள். யாரிடம் விசாரிப்பது, எப்படி விசாரிப்பது? பிள்ளை தன் பெயரைச் சொன்னாலும் பழகாத காதுக்கு ‘ஊ ஐ’ என்றுதான் விழும். இருட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போய்விட்டால் உதடும் தெரியாது. அதை அவள் சொல்லவில்லை. அடிக்கடி வானத்தைப் பார்த்துக்கொண்டாள்.

சர்பத் கடைத் தூணடியில் தினமும் அவர்கள் பஸ் மாறும் இடம் உண்டு. பூமயில் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்கமான பஸ்ஸில் ஏறி, வழக்கம்போலத் துணிப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டியிருக்கிறது. பழகிய கண்டக்டர், தாய் எங்காவது கூட்டத்தில் நிற்பாள் என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். இறங்கி, தாய் வருகிற இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பார்த்தேன்: கை இரண்டையும் பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முத்துப்பேச்சி போய் முன்னால் விழுந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. பிள்ளை முகத்தில் அப்படி ஒரு கோபம்.

“அம்மா… வவா… சொன்ன” என்றது பூமயில். அம்மா வருவாள் என்று சொன்னாயே என்று அர்த்தம். எனக்கே புரிந்தது.

“அப்பான்னுல்லட்டி சொன்னேன்! அப்பா வருவாரு! அப்பா!”

பூமயில் தாயின் உதட்டைக் கவனமாகப் பார்த்தது. ஆமாம் என்று தலையை ஆட்டியது. “அம்மா” என்றது.

முத்துப்பேச்சியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.  பிறகு திடீரென்று எழுந்து பக்கத்துச் சலூனுக்குள் நுழைந்தாள். பாதி முகச்சவரத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த ஆள் சோப்பு நுரையோடு எழுந்துவிட்டான். “எம்மா, இது ஆம்பளைக கடை” என்றான் சவரம் செய்கிறவன். அவள் காதில் வாங்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, டியூப்லைட் வெளிச்சத்தில் தன் உதட்டையே பார்த்தாள்.

“அப்பா” என்றாள். “அம்மா” என்றாள். மறுபடி, “அப்பா.”

வெளியே வந்து என்னை வெளிச்சத்துக்கு இழுத்தாள். கையால் இல்லை, தோளால் இடித்து.

“பெரியப்பா, ரெண்டு காதையும் பொத்துங்க. இறுக்கி. இப்ப என்ன சொல்லுதேன், பாத்துச் சொல்லுங்க.”

பொத்திக்கொண்டேன். அவள் உதடு ஒட்டிப் பிரிந்தது.

“அம்மா” என்றேன்.

“அப்பான்னேன்” என்றாள்.

மறுபடி பொத்தச் சொன்னாள். இந்தத் தடவை உஷாராக அப்பா என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா என்று சொல்லியிருக்கிறாள். பஞ்சை வைத்தால் ஒன்று பறக்கும், ஒன்று பறக்காது. ஆனால் சொல்கிறவள் தாய். பஞ்சு பிள்ளையின் கையில். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தனுஷ்கோடி கேட்ட ‘அப்பாவா’வும் பிள்ளை கண்ணில் ‘அம்மாவா’ என்றுதான் பட்டிருக்கும். இத்தனை வருஷம் அது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம், அப்பா வருவார் என்று சொல்ல அந்த வீட்டில் நாளே வாய்க்கவில்லை. அப்பா எல்லையில் இருந்தார். வந்ததெல்லாம் அம்மாதான்.

சங்கிலிப்பாண்டி தள்ளி நின்றிருந்தான். மணிக்கட்டில் பல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. “என்னைய இல்லைன்னு சொல்லலையாட்டி அப்ப?” என்று கேட்டான். முத்துப்பேச்சி இல்லை என்று தலையாட்டினாள். அவன் போய்த் தூணுக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூமயில் அவன் சட்டைக் கிழிசலைப் பிடித்து இழுத்துப் பார்த்தது.

திங்கட்கிழமை நானும் துணைக்குப் போனேன். பிள்ளையை நிறுத்திவிடுவார்களோ என்று முத்துப்பேச்சி ராஜபாளையம் தாண்டியதிலிருந்து உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். “காவலாளியக் கடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல, தகப்பனைக் கடிச்சிட்டா. என்ன சொல்லப் போறாகளோ” என்றாள். சங்கிலிப்பாண்டி கருத்தம்மாளோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். அன்றைக்குத்தான் கட்டுப் பிரிக்கிற நாள். முத்துப்பேச்சி திரும்பிப் போய்க் கூட இருக்க வேண்டும். சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட மறுபடி அவன்தான் வர வேண்டும்.

அரவிந்தவல்லி டீச்சர் எங்களைக் கண்டதும் படியிறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. “ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்லை” என்றார். தாய் சொன்னதைக் கேட்டுவிட்டு மெதுவாகத் தலையசைத்தார்.

“பவும் மவும் உதட்டுல ஒண்ணுதான். அது எங்களுக்குத் தெரியும். அதனாலதான் வகுப்புல காதுல மாட்டற மெஷினையும் கேட்டு, முன்னே பின்னே வர்ற வார்த்தையையும் பார்த்துப் புரிஞ்சுக்கப் பழக்கறோம். போகப்போக வந்துடும். இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்.”

“போகப்போகன்னா… இன்னைக்கு சாயங்காலத்துக்கு டீச்சர்?”

 “முத்துப்பேச்சி, நான் பார்த்திருக்கேன். நாலு வருஷம் பாடுபட்டு வாய் திறந்த குழந்தை, வீட்டுல கை காட்ட ஆரம்பிச்சதும் ஒரே மாசத்துல மூடிடுத்து. பூமயில் இப்பத்தான் பேசறா. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்” என்றார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை, பயம்தான் இருந்தது. இவள் பயத்துக்குச் சற்றும் குறையாத பயம். “நான் வேணா சாயங்காலம் வாசல்ல நிக்கறேன்” என்று சேர்த்துக்கொண்டார்.

“சரிங்க டீச்சர்” என்றாள் முத்துப்பேச்சி. கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் மணியைக் கேட்கவில்லை. தனுஷ்கோடி கொடியை ஆட்டியதைப் பார்த்து உள்ளே ஓடினார்கள். பூமயில் மட்டும் போகாமல் தாய் முன்னால் நின்றது. சொல்ல வேண்டியதைச் சொல்லு என்று உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி குனிந்தாள். வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

“சாயங்காலம் – அப்பா – வருவாரு.”

பூமயில் புருவத்தைச் சுருக்கியது. வெள்ளிக்கிழமை அதற்கும் மறக்கவில்லை. “அம்மா?” என்றது. இந்தத் தடவை அது கேள்வி.

“அப்பா” என்றாள் தாய், இன்னும் பெரிதாக உதட்டைத் திறந்து.

“அம்மா?”

“அப்பா.”

பிள்ளையின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வாசலில் தனுஷ்கோடி பார்த்துக்கொண்டு நின்றான். படியில் அரவிந்தவல்லி டீச்சர், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முத்துப்பேச்சி ஒரு தடவை அவரை நிமிர்ந்து பார்த்தாள். முந்தானைச் சுருள் அசைந்தது. வலது கை மட்டும் வெளியே வந்தது. இறுக்கிக் கட்டிவைத்திருந்ததில் சேலைக் கரை தோலில் அச்சாகப் பதிந்திருந்தது. அந்தக் கை மெல்ல உயர்ந்து, அவள் மூக்குத்திக்குக் கீழே, உதட்டுக்கு மேலே வந்து, இல்லாத மீசையை இந்தப் பக்கம் ஒரு முறுக்கு, அந்தப் பக்கம் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டது.